பழைய பூல் டேபிள் வாங்கும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

உங்கள் கேள்வி இது. சென்னை மடிப்பாக்கத்தில் தரைத்தள வீடு, ஹால் 14 அடிக்கு 18 அடி. துரைப்பாக்கத்தில் ஒரு அலுவலகத்தைக் காலி செய்கிறார்கள், அங்கே விளையாட்டு அறையில் கிடந்த 8 அடி பூல் டேபிள் விலைக்கு வருகிறது. துணி கிழிந்திருக்கிறது. ஒரு பக்கத்துக் குஷனில், அதாவது பந்து மோதித் திரும்புகிற ரப்பர் விளிம்பில், பட்டால் பந்து உயிரில்லாமல் திரும்புகிறது. வாங்கலாமா, நாமே சரி செய்துகொள்ள முடியுமா, ஹாலுக்கு வீட்டில் சம்மதம் கிடைக்காவிட்டால் மொட்டை மாடியில் ஷீட் போட்டு அங்கே வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்கலாம். ஆனால் துணிக்கு அடியில் இருப்பது ஸ்லேட் கல்லாக இருக்க வேண்டும், அந்தக் கல் முழுசாக இருக்க வேண்டும். துணி, ரப்பர், பாக்கெட், பாலிஷ் எல்லாம் காசு கொடுத்தால் புதிதாகிவிடும். கல்லும் அதைத் தாங்குகிற மரச்சட்டமும் போயிருந்தால், மேலே என்ன செலவு செய்தாலும் வீண். இன்னொன்று, பழைய மேஜை இலவசமாகவே கிடைத்தாலும் அதைப் பிரித்து, தூக்கி, மறுபடி மட்டம் பார்த்து மாட்டுகிற வேலைக்கு முழுச் செலவு உண்டு. அதனால் விற்பவரிடம் விலை பேசுவதற்கு முன்னால் ஃபிட்டரிடம் கூலி பேசிவிடுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேஜையை வாங்கி வீட்டில் இறக்கிவிட்டு, மாட்ட ஆள் கிடைக்காமல், கல் துண்டுகள் மாதக்கணக்கில் சுவரோரம் சாய்ந்து கிடக்கும்.

முதலில் இடம். 8 அடி மேஜையில் பந்து ஓடும் பரப்பு, குஷன் மூக்கிலிருந்து (பந்து படுகிற முன்முனை) எதிர்க் குஷன் மூக்கு வரை, 44 அங்குலத்துக்கு 88 அங்குலம். ஸ்டிக் வழக்கமாக 57, 58 அங்குலம். பந்து குஷனை ஒட்டி நின்றாலும் முழு ஸ்டிக்கையும் பின்னால் இழுத்து அடிக்க இடம் வேண்டும் என்பதால், இரண்டு பக்கமும் 58 அங்குலம் சேர்த்துப் பாருங்கள்: அகலத்துக்கு 13 அடி 4 அங்குலம், நீளத்துக்கு 17 அடி. உங்கள் ஹால் இதைத் தாங்கும், ஆனால் அகலத்தில் 8 அங்குலம்தான் மிச்சம். சோபாவும் டிவி ஸ்டாண்டும் அங்கேயே இருக்கும் என்று நினைத்தால் கணக்கு உதைக்கும். சுவரிலிருந்து பில்லர் துருத்திக்கொண்டு நிற்கிறதா, ஷோகேஸ் இருக்கிறதா, கதவு உள்பக்கம் திறக்கிறதா, இதையெல்லாம் கழித்துவிட்டு அளந்து பாருங்கள். 44க்கு 88 அங்குலத்தில் செய்தித்தாளைத் தரையில் ஒட்டி, ஒரு 58 அங்குலக் கம்பை வைத்துச் சுற்றிலும் குனிந்து அடிப்பது போலச் செய்து பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

மற்ற அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். 7 அடி மேஜையின் பரப்பு 39க்கு 78 அங்குலம். அதற்கு ஏறக்குறைய 13 அடிக்கு 16 அடி அறை வேண்டும். 9 அடி மேஜையின் பரப்பு 50க்கு 100. அதற்கு 14 அடிக்கு 18 அடி, அதாவது உங்கள் ஹால் முழுதும் அதற்கே சரியாகப் போய்விடும். இடம் கொஞ்சம் குறைகிற ஒரு மூலைக்காக 52 அங்குல ஸ்டிக் ஒன்று வைத்துக்கொள்வது தப்பில்லை. எல்லா ஷாட்டுக்கும் குட்டை ஸ்டிக்தான் என்றால் ஒரு அளவு சின்ன மேஜை வாங்குவதே நல்லது. 12 அடி ஸ்னூக்கர் மேஜை ஒன்று அடிமாட்டு விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால் மயங்க வேண்டாம். அதற்கு 16 அடிக்கு 22 அடி அறை வேண்டும், எடை ஒரு டன்னைத் தாண்டும். அப்படிப்பட்ட அறை வைத்திருப்பவர்கள் குறைவு என்பதால்தான் அந்த விலை.

மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். எடையால் இதைச் சொல்லவில்லை. 8 அடி ஸ்லேட் மேஜை மொத்தமாக 350, 400 கிலோ இருக்கும். வீட்டுத் தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்குகிற கணக்கில் வடிவமைக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். மேஜை மூன்றரை சதுர மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒழுங்காகக் கட்டிய தளத்துக்கு இது பெரிய சுமை இல்லை. மாடியில் சிக்கல் வேறு. மழைத் தண்ணீர் வடிய மாடித் தளத்துக்கு வாட்டம் கொடுத்திருப்பார்கள், மேஜைக்கோ துளி வாட்டமும் ஆகாது. முழு எடையும் நாலு கால் வழியாக இறங்குவதால் மேலே பதித்த வெதரிங் ஓடு விரிசல் விட்டு, அடுத்த மழைக்குக் கீழே ஒழுகும். தகரமோ ஃபைபரோ, ஷீட்டுக்கு அடியில் சித்திரை வெயிலில் குஷன் ரப்பர் வெந்து இறுகிவிடும், மரச்சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றோடு அடிக்கிற சாரலில் துணி தொப்பலாகிவிடும். ஹால் இல்லையென்றால் இந்த மேஜையை விட்டுவிடுங்கள்.

மடிப்பாக்கம் என்பதால் ஒன்று கேட்கிறேன்: 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? வந்திருந்தால், மேஜையின் கால் மரமா, துகள் பலகையா என்று கட்டாயம் பாருங்கள். கல் முப்பது அங்குல உயரத்தில் இருப்பதால் முழங்கால் தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. துகள் பலகைக் கால் ஒரு ராத்திரி ஊறினால் போதும், பொருமி, மேலே இருக்கிற எடைக்கு நசுங்கிவிடும். மரக்கால், இரும்புக்கால் என்றால் கவலை இல்லை.

சரி, இப்போது துரைப்பாக்கத்துக்குப் போவோம். ஒரு டார்ச், டேப், பழைய பாய் மூன்றும் எடுத்துக்கொண்டு போங்கள். மேஜையின் மேல்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாயை விரித்து அடியில் படுத்துப் பாருங்கள். கறுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ, தொட்டால் சில்லென்று இருந்தால் ஸ்லேட். பழுப்பு நிறப் பலகை தெரிந்தால் அவசரப்பட வேண்டாம், கல்லின் அடியில் பலகை ஒட்டி வருவதும் உண்டு. பாக்கெட் வாய்க்குள் விரலை விட்டால் துணிக்கு அடியில் கல்லின் ஓரம் தட்டுப்படும், அதன் கனத்தையும் அங்கேயே அளந்துவிடலாம். 19 மில்லிமீட்டர் வீட்டுக்குப் போதும், 25 இருந்தால் நல்ல மேஜை. முழுவதும் எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வாங்காதீர்கள். சென்னைக் காற்றின் ஈரத்துக்கு அது நடுவில் தொய்ந்துவிடும், தொய்ந்த பலகையை யாராலும் நிமிர்த்த முடியாது. ஸ்லேட்டுக்குப் பதில் மார்பிள் வைத்த மேஜைகளும் சந்தையில் இருக்கின்றன. தட்டையாக இருந்தால் ஆடலாம், ஆனால் ஸ்லேட் விலை கொடுக்காதீர்கள்.

எட்டடி மேஜையில் வழக்கமாகக் கல் மூன்று துண்டு. மேலே வந்து, இரண்டு இணைப்புகளும் எங்கே வருகின்றன என்று துணிமேல் நகத்தால் தடவிப் பாருங்கள். பந்தை இணைப்பின் மேல் குறுக்கே மெதுவாக உருட்டும்போது துள்ளினால் ஒரு கல் ஏறியோ இறங்கியோ இருக்கிறது. இதற்காக மேஜையை ஒதுக்க வேண்டாம், மறுபடி மாட்டும்போது சரியாகிவிடும். பந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடுவதும் அப்படித்தான். அலுவலகத்தில் அது எத்தனை முறை நகர்த்தப்பட்டதோ. நீங்கள் தேட வேண்டியது விரிசல். பாக்கெட் ஓரத்தில் ஸ்குரூ ஓட்டையைச் சுற்றிச் சின்னதாகச் சில்லு போயிருந்தால் பட்டி வைத்து அடைக்கலாம். பந்து ஓடும் பரப்பில் குறுக்காக விரிசல் ஓடினால் அந்த மேஜை வேண்டாம்.

பாக்கெட் வாயையும் அளந்து பாருங்கள். சென்னையில் பூல் டேபிள் என்று விற்பதில் மினி ஸ்னூக்கர் மேஜைகளும் உண்டு. பூல் பந்து 57 மில்லிமீட்டர், ஸ்னூக்கர் பந்து 52.5. போட்டி பூல் மேஜையில் மூலைப் பாக்கெட்டின் வாய் 4½ அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, நடுப் பாக்கெட் 5 அங்குலம். வாயின் இரண்டு ஓரமும் கூராக வெட்டியிருக்கும். ஓரம் வளைந்து உருண்டையாக, வாய் மூன்றரை அங்குலம் இருந்தால் அது ஸ்னூக்கர் வகை. அதில் பூல் பந்தைப் போட்டு ஆடினால் எதுவும் விழாது. ஆட்டமே வெறுத்துப்போகும்.

இப்போது நீங்கள் சொன்ன அந்த உயிரில்லாத குஷன். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள், விற்பவரும் சேர்த்து. பந்து செத்துத் திரும்ப இரண்டு காரணம் உண்டு. ஒன்று, ரப்பர் காய்ந்து இறுகிவிட்டது. இன்னொன்று, ரப்பர் நன்றாகவே இருக்கிறது, குஷன் சட்டத்தைக் கல்லோடு இறுக்குகிற போல்ட்டு தளர்ந்துவிட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க, கையை முஷ்டியாக்கிக் குஷன் சட்டத்தின் மேல்பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே பலத்தில் குத்திக்கொண்டே போங்கள். இறுகின இடத்தில் சத்தம் கெட்டியாக, குறுகலாக வரும். தளர்ந்த இடத்தில் ‘டொக்’ என்று காலியாகச் சத்தம் மாறும், கையில் ஒரு சின்ன அதிர்வும் தெரியும். அந்த இடத்துக்கு நேர் கீழே படுத்துப் பார்த்தால் போல்ட்டு விரலாலேயே சுற்றும். ஸ்பேனரால் இறுக்கிவிட்டு அதே இடத்தில் பந்தை அடித்துப் பாருங்கள். பல மேஜைகளில் ‘செத்த குஷன்’ அங்கேயே உயிர் பெற்றுவிடும். அலுவலக மேஜைகளில் ஆட்கள் குஷன்மேல் உட்கார்ந்து பேசுவார்கள், போல்ட்டு தளராமல் என்ன செய்யும்.

போல்ட்டு இறுக்கமாக இருந்தும் பந்து சாகிறது என்றால் ரப்பர் போய்விட்டது. கட்டை விரலால் குஷன் மூக்கை அழுத்துங்கள். நல்ல ரப்பர் அமுங்கி உடனே மீளும், காய்ந்தது கல்லாக நிற்கும். கடைசிச் சோதனையாக மேஜையின் நீளவாக்கில் நேராக, பலமாக ஒரு பந்தை அடியுங்கள். துணி ஓரளவு நன்றாக இருந்தால் நாலு நீளமாவது ஓட வேண்டும். இரண்டு நீளத்தில் நின்றால் ஆறு குஷனுக்கும் ரப்பர் மாற்றுகிற செலவை விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ஒரு குஷனுக்கு மட்டும் மாற்றலாமா என்று கேட்பார்கள். கூடாது, ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு வேகத்தில் பந்தைத் திருப்பும்.

திரும்பிக் கிளம்பும் முன் சட்டத்தை ஒருமுறை பாருங்கள். கரையான் மண் கோடு, ஸ்குரூ டிரைவர் நுனியால் குத்தினால் பொசுக்கென்று உள்ளே போகிற மரம், துரு ஏறித் தலை தேய்ந்த போல்ட்டு. கடற்கரை ஓரத்து அலுவலகங்களில், ரிசார்ட்டுகளில் இருந்து வருகிற மேஜைகளில் துரு நிச்சயம் இருக்கும். போல்ட்டு மாற்றலாம். முதன்மைச் சட்டத்தில் கரையான் ஏறியிருந்தால் வாங்காதீர்கள், உங்கள் வீட்டுக் கதவு நிலையையும் சேர்த்து அரித்துவிடும்.

விலை பேசும்போது விற்பவர் ‘புதுசு இவ்வளவு’ என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் துணி, ரப்பர், பிரித்து மாட்டும் கூலி, வண்டி வாடகை நாலையும் தாளில் எழுதிக் கூட்டி, அதே அளவுப் புது ஸ்லேட் மேஜையின் விலையிலிருந்து கழியுங்கள். மிச்சத்தில் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. காலி செய்கிற அலுவலகத்துக்குக் கெடு தேதி இருக்கும். அந்த எடையை எடுத்துக்கொண்டு போக ஒருவர் வந்தாரே என்பது அவர்களுக்கே நிம்மதி.

ஃபிட்டரை எங்கே பிடிப்பது? பக்கத்தில் இருக்கிற ஸ்னூக்கர் பார்லருக்கோ, உறுப்பினராக யாராவது தெரிந்தால் கிளப்புக்கோ போய், அங்கே மேஜைகளைப் பார்த்துக்கொள்கிற மார்க்கரைக் கேளுங்கள். துணி மாற்ற யார் வருகிறார், யாருடைய வேலை நிற்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். இந்த வேலை சென்னைக்குப் புதிதல்ல. காஸ்மோபாலிடன் கிளப் 1873-லும் ஜிம்கானா கிளப் 1884-லும் தொடங்கியவை. ஸ்னூக்கர் விதிகளையே ஊட்டி கிளப்பில்தான் 1880-களில் எழுதி மாட்டினார்கள். பில்லியர்ட்ஸ் மேஜை பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் தலைமுறையாக இந்தப் பக்கம் இருந்துகொண்டே இருக்கின்றன, விளம்பரம்தான் கிடையாது. ஃபர்னிச்சர் மாற்றிக்கொடுக்கும் பேக்கர்ஸ் ஆட்களை மட்டும் நம்பிக் கல்லைக் கொடுக்காதீர்கள். அவர்கள் பீரோ தூக்குகிற மாதிரியே இதையும் தூக்குவார்கள்.

பிரிக்கும்போது நீங்களும் கூட இருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுங்கள். குஷன் ஆறுக்கும் இடம், திசை குறித்து அடியில் எண் போடுங்கள். கல் மூன்றுக்கும் அடிப்பக்கம் சாக்பீஸால் 1, 2, 3 என்று எழுதி, எது எதோடு சேர்கிறது என்று அம்புக்குறி போடுங்கள். கல்லைப் பிடித்திருக்கும் ஸ்குரூவின் தலைமேல் பட்டி அடைத்திருப்பார்கள், அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஸ்குரூவைத் திருப்ப வேண்டும். ஒரு ஸ்குரூவைக் கவனிக்காமல் விட்டுக் கல்லை நெம்பினால் அந்த மூலை உடைந்து கையில் வரும். ஒரு துண்டு 70 கிலோ இருக்கும், இரண்டு மூன்று பேர் தூக்கலாம். செங்குத்தாக நிறுத்தித்தான் தூக்க வேண்டும். படுக்கை வாக்கில் தூக்கினால் கல் தன் எடையாலேயே நடுவில் முறிந்துவிடும். குட்டி யானையில் ஏற்றும்போதும் கம்பளி சுற்றி, நிறுத்தி, பக்கவாட்டில் சாய்த்துக் கட்டுங்கள். இதுவே 7 அடி மேஜை, காசு போட்டு ஆடுகிற வகை என்றால் கல் பெரும்பாலும் ஒரே துண்டு, 140 கிலோவுக்குக் குறையாது. மாடி வீட்டுக்காரர்கள் படிக்கட்டுத் திருப்பத்தை அளக்காமல் அதை வாங்கக்கூடாது.

வீட்டில் மேஜை நிற்கப்போகிற இடத்தில், நாலு கால் வரும் இடத்து டைல்ஸையும் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். அடியில் சிமெண்ட் நிறையாத டைல்ஸ் கொடகொடவென்று சத்தம் கொடுக்கும். அதன்மேல் நூறு கிலோ வந்து நின்றால் விரிசல்தான். காலை அரை அடி நகர்த்த முடியுமா பாருங்கள், முடியாவிட்டால் காலுக்கடியில் முக்கால் அடிச் சதுரத்துக்குத் தடித்த மரைன் ப்ளை துண்டு வைத்தால் எடை பரவும்.

மட்டம் பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர். இதை ஃபிட்டரிடம் விடுங்கள், ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். போட்டி மேஜைக்குக் கல் நீளவாக்கில் அரை மில்லிமீட்டருக்குள், அகலவாக்கில் கால் மில்லிமீட்டருக்குள் தட்டையாக இருக்க வேண்டும் என்பது சர்வதேச அளவு. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தில் இந்த நுணுக்கம் தெரியாது. லேத் பட்டறைகளில் இயந்திரத்தை நிறுத்தப் பயன்படுத்தும் ரசமட்டம் வேண்டும், பாரிமுனைப் பக்கம் டூல்ஸ் கடைகளில் கிடைக்கும். முதலில் வெறும் சட்டத்தை மட்டம் பார்க்க வேண்டும். அப்புறம் நடுக்கல், பிறகு இரண்டு பக்கக் கல். ஒவ்வொரு கல்லுக்கும் அடியில் மெல்லிய ஆப்பு வைத்து ஏற்றி இறக்கி, இணைப்பில் நகம் தட்டாத அளவுக்குச் சமமாக்க வேண்டும். சீட்டுக்கட்டுத் துண்டுகளை ஆப்பாக வைப்பது பழைய வழக்கம், இன்றும் அதைவிட வசதியானது இல்லை. ஸ்குரூ இறுக்கும்போது மட்டம் மறுபடி மாறும். அதனால் இறுக்கிய பிறகு திரும்பவும் பார்க்காத ஃபிட்டர் என்றால், பார்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பை அடைக்கத் தேன்மெழுகா, கார் பட்டியா என்று இரண்டு கட்சி உண்டு. மெழுகு உருகி ஓட 60 பாகைக்கு மேல் சூடு வேண்டும் என்பதால் வீட்டுக்குள் ஓடிவிடாது, ஆனால் ஏசி இல்லாத அறையில் மே மாதம் இளகிக் கொஞ்சம் அமுங்கும். பட்டி இறுகினால் இறுகினதுதான், சுரண்டி உப்புத்தாள் போட்டால் இணைப்பே தெரியாது. சொந்த வீடு, மேஜை அங்கேயே நிற்கப்போகிறது என்றால் நான் பட்டியைத்தான் சொல்வேன். வாடகை வீட்டுக்காரர்களுக்கு மெழுகு நல்லது, அடுத்த முறை பிரிக்கும்போது கல்லின் ஓரம் பெயராது.

ரப்பர் மாற்ற வேண்டி வந்தால், பழைய ரப்பரிலிருந்து ஒரு அங்குலத் துண்டை அறுத்து எடுத்து, அந்தக் குறுக்கு வெட்டைக் காட்டி வாங்குங்கள். பூல் மேஜைகளில் கே-66, கே-55 என்று இரண்டு வடிவங்கள் பரவலாக இருக்கின்றன, பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உயரம் வேறு. மாற்றி ஒட்டினால் குஷன் மூக்கின் உயரம் தவறிவிடும். கல்லிலிருந்து மூக்கு வரை 36 மில்லிமீட்டருக்கு ஒட்டி இருக்க வேண்டும், அதாவது பந்தின் விட்டத்தில் 63.5 விழுக்காடு. தாழ்ந்தால் வேகமான பந்து குஷனைத் தாண்டிக் குதிக்கும், உயர்ந்தால் பந்தைக் கல்லோடு அழுத்தி வேகத்தைக் கொல்லும். பழைய பசையை மரம் தெரிகிற வரை சுரண்டிவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். இது பொறுமை உள்ள எவரும் வீட்டில் செய்யக்கூடிய வேலை, பாக்கெட் வாய்க் கோணத்தில் ரப்பரை வெட்டுவது மட்டும் கை பழகினவர் செய்யட்டும்.

துணியில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பெல்ஜியத்தின் சைமோனிஸ், இங்கிலாந்தின் ஸ்ட்ராக்கன் இரண்டும் பேர் பெற்றவை. ஸ்னூக்கர் துணிக்கு ரோமம் உண்டு, அதை ஒரே திசையில் பிரஷ் போட்டு இஸ்திரி செய்ய வேண்டும். பூலுக்கு ரோமம் இல்லாத வழுவழுத் துணி நல்லது, நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் காயும், பந்தும் வேகமாக ஓடும். அலுவலக மேஜைக்குப் போடுகிற மலிவுத் துணி, ஆறு மாதத்தில் பந்து வைக்கிற இடத்தில் வெள்ளையாகத் தேய்ந்துவிடும். துணி விரிக்கும் முன் கல்லில் ஒரு மணல் துகள் இல்லாமல் துடைக்க வேண்டும், ஒரு துகள் அடியில் மாட்டினால் பந்து அங்கே ஒவ்வொரு முறையும் துள்ளும். இழுப்பு எல்லாப் பக்கமும் சீராக இருக்க வேண்டும். நடுவில் விரலால் கிள்ளித் தூக்கினால் துணி கிளம்பக்கூடாது. மழை நாளில் துணி போட வேண்டாம். 

மரவேலை நம் ஆசாரிகள் யாரும் செய்வார்கள். பழைய பாலிஷை உப்புத்தாளால் எடுத்து, கீறலை அடைத்து, இரண்டு பூச்சு போட்டால் முகம் மாறிவிடும். கல்லைக் கழற்றிய நேரத்திலேயே சட்டம் முழுதும் கரையான் மருந்து அடித்துவிடுங்கள். அதற்கப்புறம் அந்த மரம் கண்ணில் படப்போவதில்லை.

விளக்கு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சென்னை வீட்டுக்கு இது முக்கியம். ஹாலின் நடுவில் சீலிங் ஃபேன் இருக்கும், அதற்கு நேர் கீழே மேஜை வரும். விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கையின் நிழல் துணிமேல் வெட்டி வெட்டி ஓடும், பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். மேஜைக்கு மேலே 40 அங்குல உயரத்தில், மேஜையின் நீளத்துக்கு ஒரு எல்.இ.டி விளக்குச் சட்டம் தொங்கவிடுங்கள். வெளிச்சம் 520 லக்ஸுக்குக் குறையக் கூடாது என்பது போட்டி விதி, போனிலேயே அளக்கச் செயலி இருக்கிறது, தோராயமாகத் தெரிந்துவிடும்.

மேஜையோடு வருகிற பந்துகளைச் சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். 156 முதல் 170 கிராமுக்குள் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. வெள்ளைப் பந்து மட்டும் தனியாக வாங்கியதாக, எடை மாறி இருப்பது வழக்கம். பீனாலிக் (ஒரு வகைக் கெட்டிப் பிசின்) பந்து ஒரு செட் வாங்கிவிட்டால் பல வருஷம் உழைக்கும், மலிவு பாலியஸ்டர் பந்து துணியையும் சேர்த்துத் தேய்த்துவிடும்.

ஆட ஆரம்பித்ததும் ஒரு பழக்கத்தை மட்டும் வீட்டில் நுழைய விடாதீர்கள். வியர்வைக் கைக்கு எல்லாரும் முகப் பவுடரைத்தான் தேடுவார்கள். பவுடர் துணி இழைக்குள் இறங்கிப் படிந்துவிட்டால் பிரஷுக்கு வராது, ஈரம் பட்டுத் திட்டுத்திட்டாகக் கட்டிக்கொள்ளும். மூன்று விரல் கையுறை ஒன்று போதும். வாரம் ஒருமுறை மென்மையான பிரஷ் போட்டு, அப்புறம் வாக்குவம், ஆடாத நேரத்தில் உறை. ஈரத்துணி கொண்டு துடைக்க வேண்டாம். மாட்டி ஒரு மாதம் கழித்து ஃபிட்டரை மறுபடி வரச்சொல்லி, மட்டத்தையும் குஷன் போல்ட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். புது இடத்தில் சட்டம் எடை வாங்கி உட்கார அவ்வளவு நாள் ஆகும். இந்த இரண்டாவது வரவுக்கும் சேர்த்து முதலிலேயே கூலி பேசிவிடுவது நல்லது.